ரிவர்ஸ் மார்ட்கேஜுக்கு முன்னால் வரும் ஆலோசனை வெறும் சடங்கா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். நியூஜெர்சியில் அப்பா பெயரில் ஒரு வீடு. அப்பாவுக்கு வயது 71, அம்மாவுக்கு 59. நீங்களும் குடும்பத்தோடு அதே வீட்டில்தான் இருக்கிறீர்கள். பழைய வீட்டுக்கடனில் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. ரிவர்ஸ் மார்ட்கேஜ், அதாவது வயதானவர்கள் சொந்த வீட்டின் மேல் வாங்கி, அங்கே வசிக்கும் வரை திருப்பிக் கட்டாமல் இருக்கக்கூடிய கடன், எடுத்தால் மாதத் தவணை நின்றுவிடும், மேலே கையிலும் பணம் வரும் என்று ஒரு லோன் ஆபீசர் சொல்லியிருக்கிறார். அதற்கு முன்னால் அரசு அங்கீகாரம் பெற்ற ஆலோசகரிடம் பேசியாக வேண்டும், ஆனால் "அது சும்மா ஒரு ஃபார்மாலிட்டி, கேட்டதற்கெல்லாம் யெஸ் சொன்னால் சர்டிபிகேட் வந்துவிடும்" என்றும் அவரே சொல்லியிருக்கிறார். அது நிஜமாகவே சடங்குதானா, அதில் நீங்களும் உட்காரலாமா என்று கேட்கிறீர்கள். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தால், அந்தச் சர்டிபிகேட் கைக்கு வந்துவிட்டால் இந்தக் கடன் அப்பா அம்மாவுக்குப் பாதுகாப்பானது என்று நம்பலாமா என்பதுதான் உங்கள் மனதில் ஓடும் கேள்வி என்று நினைக்கிறேன். நம்பக் கூடாது. ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன்.

நான் இங்கே பல வருடங்களாக வீட்டுக்கடன் ஆலோசகராக வேலை பார்க்கிறேன், ரிவர்ஸ் மார்ட்கேஜ் ஆலோசனையும் அதில் அடக்கம். நீங்கள் சொல்வது எச்.இ.சி.எம் எனப்படும் வகை, அதாவது எஃப்.எச்.ஏ என்ற மத்திய அரசு அமைப்பு இன்சூரன்ஸ் கொடுத்து, ஹட் என்ற மத்திய வீட்டுவசதித் துறை விதி வகுக்கும் கடன் என்று வைத்துக்கொண்டு பேசுகிறேன். அதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். கம்பெனிகள் தாங்களாகவே தரும் தனியார் ரிவர்ஸ் மார்ட்கேஜும் சந்தையில் உண்டு, அதற்கு இங்கே நான் சொல்லும் பாதுகாப்புகள் பல பொருந்தாது.

எச்.இ.சி.எம்மில் ஆலோசனை சட்டப்படி கட்டாயம். அதைச் சுற்றிப் போட்டிருக்கும் வேலிகளைப் பார்த்தாலே நோக்கம் புரியும். ஆலோசனைக்கான கட்டணத்தைக் கடன் கொடுக்கும் கம்பெனி கட்டக் கூடாது. இந்த ஆலோசகரிடம்தான் போக வேண்டும் என்று கை காட்டக் கூடாது, ஒரு பட்டியலைக் கொடுக்கலாம், தேர்வு உங்களுடையது. அந்த உரையாடலில் கம்பெனி ஆள் உட்காரக் கூடாது. ஆலோசனை முடியாமல் வீட்டு மதிப்பீட்டுக்கென்று உங்களிடம் பணம் வாங்கக் கூடாது. ஆலோசகர் ஹட் நடத்தும் தேர்வில் தேறி அதன் பட்டியலில் இருக்க வேண்டும். இந்தக் கடன் விவகாரம் முழுக்க நீங்கள் சந்திக்கப்போகும் லோன் ஆபீசர், மதிப்பீட்டாளர், வீட்டுப் பத்திரத்தைச் சரிபார்க்கும் டைட்டில் கம்பெனி எல்லோருக்கும் கடன் நடந்தால்தான் வருமானம், அல்லது தொடர்ந்து வேலை. அப்பா கையெழுத்துப் போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றும் குறையாத ஒரே ஆள் ஆலோசகர். அவரோடு பேசும் அந்த நேரத்தைத்தான் யெஸ் சொல்லி ஓட்டிவிடச் சொல்கிறார் லோன் ஆபீசர்.

ஆனால் ஆலோசகரால் முடியாதது எது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். "எடுங்கள்" என்றோ "எடுக்காதீர்கள்" என்றோ நாங்கள் சொல்லக் கூடாது. எந்தக் கம்பெனி நல்லது என்று சொல்லக் கூடாது. எனக்குப் பிடிக்கவில்லை என்பதற்காகச் சர்டிபிகேட்டை நிறுத்தி வைக்கவும் முடியாது. வரி, உயில் விஷயங்களில் பொதுவாகச் சொல்லலாமே தவிர வக்கீலோ கணக்காளரோ சொல்லும் இடத்தில் நாங்கள் இல்லை. அந்தச் சர்டிபிகேட்டுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான்: விதிகள் விளக்கப்பட்டன, இவருக்குப் புரிந்திருக்கிறது. இந்தக் கடன் உங்கள் குடும்பத்துக்கு ஏற்றது என்று அது எங்கேயும் சொல்வதில்லை. இதைப் புரிந்துகொள்ளாமல் "அரசாங்க ஆலோசகரே ஓகே சொல்லிவிட்டார்" என்று நிம்மதியாகிவிடும் குடும்பங்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

நடைமுறை இப்படித்தான் இருக்கும். பேசுவதற்கு முன்பே ஒரு தகவல் பொதி வரும். பல வகைக் கடன்களின் ஒப்பீடு, வருடா வருடம் கடன் எப்படி ஏறும் என்ற அட்டவணை, மொத்தச் செலவு விகிதம் எல்லாம் அதில் இருக்கும். அப்புறம் போனிலோ நேரிலோ பேச்சு. வருமானம், செலவு, கடன், உடல்நிலை, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், எவ்வளவு காலம் அங்கே இருக்கப் போகிறீர்கள் என்று கேட்போம். வேறு எந்த அரசு உதவிக்குத் தகுதி இருக்கிறது என்றும் பார்ப்போம். நடுவில் புரிந்ததா என்று சோதிக்கப் பத்து கேள்விகள் வரும், பாதிக்காவது சரியான பதில் வர வேண்டும், வராவிட்டால் இன்னொரு நாள் மறுபடி பேச வேண்டியிருக்கும். இந்தக் கட்டத்தில் அடிக்கடி நடப்பது ஒன்று. போன் ஸ்பீக்கரில் இருக்கும். "கடன் வாங்கிய பிறகு வீடு யாருக்குச் சொந்தம்?" என்று பெரியவரிடம் கேட்பேன். ஒரு நொடி அமைதி, பின்னாலிருந்து ஒரு தாழ்ந்த குரல், உடனே பெரியவர் அதே சொற்களைத் திருப்பிச் சொல்வார். நான் மறுபடி வேறு மாதிரி கேட்பேன், "அப்படியென்றால் சொத்துவரி இனிமேல் யார் கட்டுவார்கள்?" என்று. "பேங்க் கட்டும்" என்பார். அங்கேதான் உண்மையான ஆலோசனை தொடங்கும். எனவே நீங்கள் கூட உட்காரலாமா என்ற கேள்விக்குப் பதில்: அப்பாவுக்குச் சம்மதம் என்றால் தாராளமாக உட்காரலாம், உட்காருங்கள். பதில் மட்டும் எடுத்துக்கொடுக்காதீர்கள். அவருக்குப் புரியாதது எது என்று எங்களுக்குத் தெரிந்தாக வேண்டும்.

இனி உங்கள் வீட்டு விஷயம். முதல் கவலை அம்மா. இந்தக் கடனுக்கு வயது வரம்பு 62, அதனால் அம்மா கடன்தாரராக முடியாது, 'கடன் வாங்காத துணைவர்' என்ற கணக்கில்தான் வருவார். முன்பெல்லாம் இப்படி இருந்த கணவனோ மனைவியோ, கடன் வாங்கியவர் இறந்ததும் வீட்டை இழக்கும் நிலை இருந்தது. 2014 ஆகஸ்ட் 4 முதல் பதிவான கடன்களில் இதற்கு ஒரு பாதுகாப்பு வந்தது. கடன் எடுக்கும்போதே மணமானவராக இருந்து, பத்திரங்களில் அவர் பெயர் அந்த வகையில் குறிக்கப்பட்டு, அந்த வீட்டிலேயே தொடர்ந்து வசித்து, வரி இன்சூரன்ஸ் எல்லாம் ஒழுங்காகக் கட்டி வந்தால், அப்பாவுக்குப் பின் அம்மா அங்கேயே இருக்கலாம், கடனைத் திருப்பக் கேட்பது தள்ளிப்போடப்படும். இது உறுதியான விதி. ஆனால் இதன் மறுபாதியை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. அப்பா போன பிறகு அந்தக் கடனிலிருந்து அம்மாவுக்கு ஒரு டாலர்கூட வராது. மாதாமாதம் வந்த தொகை நிற்கும், கிரெடிட் லைனும், அதாவது தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று எடுக்காமல் வைத்திருந்த தொகையும், மூடப்படும். ஆனால் சொத்துவரியும் இன்சூரன்ஸும் ரிப்பேரும் அவர் தலையில் நிற்கும், வட்டி தொடர்ந்து ஏறும். அப்பாவின் ஓய்வூதிய வருமானமும் அப்போது குறைந்திருக்கும். அந்த மாதத்து வரவு செலவை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள், ஆலோசகரிடம் அதையே முதல் கேள்வியாக வையுங்கள். இன்னொன்று, எவ்வளவு கடன் கிடைக்கும் என்பது இருவரில் இளையவர் வயதை வைத்துத்தான் கணக்கிடப்படும், 59 என்றால் தொகை நன்றாகவே குறையும். அவசரத் தேவை இல்லாவிட்டால் மூன்று வருடம் பொறுத்து அம்மாவையும் சேர்த்தே கடன்தாரராக்குவது நல்லது என்பது என் சொந்த அபிப்பிராயம். ஆலோசகராக உட்காரும்போது இதை நான் அறிவுரையாகச் சொல்ல மாட்டேன், இங்கே சொல்லலாம்.

இரண்டாவது நீங்களும் உங்கள் குழந்தைகளும். உங்களுக்கு இந்தக் கடனில் எந்தப் பாதுகாப்பும் கிடையாது. பெற்றோர் இருவரும் அங்கே இல்லை என்றானதும் கடன் முழுதும் கேட்கப்படும். வாரிசாக உங்களுக்கு நோட்டீஸ் வரும், 30 நாளுக்குள் என்ன செய்யப் போகிறீர்கள் என்று சொல்ல வேண்டும், விற்கவோ வேறு கடன் எடுத்து அடைக்கவோ சுமார் ஆறு மாதம் தருவார்கள், ஹட் அனுமதித்தால் மூன்று மூன்று மாதமாக இரண்டு முறை நீட்டிக்கலாம். நல்ல விஷயம், கடன் வீட்டு மதிப்பைத் தாண்டிப் போயிருந்தால் மிச்சத்தை உங்களிடம் கேட்க முடியாது. வீட்டை நீங்களே வைத்துக்கொள்ள விரும்பினால் முழுக்கடனையோ அப்போதைய மதிப்பில் 95 சதவீதத்தையோ, எது குறைவோ அதைக் கட்டினால் போதும். ஆனால் அந்த 95 சதவீதத்துக்கு உங்களுக்குக் கடன் கிடைக்குமா என்பதை இன்றைக்கே யோசித்து வையுங்கள்.

மூன்றாவது, நம்மவர்கள் விஷயத்தில் எனக்குப் பெரிய பயம் இதுதான்: ஊருக்குப் போவது. அந்த வீடு அப்பாவின் முதன்மை வசிப்பிடமாக இருக்க வேண்டும், வருடத்தின் பெரும்பகுதி அங்கே இருக்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு மேல் வெளியே போவதென்றால் கடனை நிர்வகிக்கும் கம்பெனிக்குச் சொல்ல வேண்டும். மருத்துவக் காரணம் இல்லாமல் ஆறு மாதத்துக்கு மேல் போனால் கடன் முழுவதையும் கேட்கும் நிலை வரலாம். மருத்துவமனை, முதியோர் பராமரிப்பு இல்லம் என்றால் தொடர்ந்து 12 மாதம் வரை பொறுப்பார்கள். அது போக வருடம் ஒரு முறை "நீங்கள் இன்னும் இங்கேதான் இருக்கிறீர்களா" என்று ஒரு தாள் தபாலில் வரும், கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். அக்டோபரில் கிளம்பி மே மாதம் திரும்பும் பெற்றோர், விளம்பரத் தபால்களோடு சேர்ந்து குவிந்து கிடக்கும் அந்தக் கடிதம், பதில் இல்லை என்பதால் அடுத்து வரும் இன்னும் கடுமையான கடிதம். யாரும் ஏமாற்றவில்லை, ஆனாலும் வீட்டுக்கு ஆபத்து. உங்கள் அப்பா அம்மா வருடத்தில் எத்தனை மாதம் ஊரில் இருக்கிறார்கள் என்பதை ஆலோசகரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். லோன் ஆபீசர் இதை உங்களிடம் கேட்டாரா?

"மாதத் தவணை கிடையாது" என்பது உண்மை. "வீட்டுக்கு இனிமேல் எதுவும் கட்ட வேண்டாம்" என்பது பொய். சொத்துவரி, வீட்டு இன்சூரன்ஸ், வீட்டு உரிமையாளர் சங்கக் கட்டணம் இருந்தால் அது, பராமரிப்பு எல்லாம் அப்பா பொறுப்புதான். தவறினால் கடனை முழுதாகக் கேட்கலாம், கடைசியில் வீடு ஜப்தி வரை போகலாம். நியூஜெர்சியில் சராசரி சொத்துவரியே வருடத்துக்கு 10,000 டாலரைத் தாண்டிவிட்டது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இதற்காகத்தான் 2015 முதல் கடன்தாரரின் வருமானத்தையும் கட்டும் பழக்கத்தையும் சோதிக்கிறார்கள், சந்தேகம் இருந்தால் வரி, இன்சூரன்ஸுக்கென்று கடன் தொகையில் ஒரு பகுதியை எடுத்து ஒதுக்கிவிடுவார்கள். அப்படி ஒதுக்கினால் கையில் வருவது இன்னும் சுருங்கும்.

கணக்கைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். வீட்டு மதிப்பு 5,00,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். எஃப்.எச்.ஏவின் ஆரம்ப இன்சூரன்ஸ் கட்டணம் 2 சதவீதம், அதாவது 10,000 டாலர். கம்பெனியின் கட்டணம் முதல் 2,00,000 டாலருக்கு 2 சதவீதம், மேலே 1 சதவீதம், உச்சவரம்பு 6,000. கணக்குப் போட்டால் 7,000 வரும், எனவே 6,000 வரை கேட்கலாம். ஆக 16,000 டாலர், அதற்கு மேல் மதிப்பீடு, டைட்டில், பதிவுச் செலவு தனி. பெரும்பாலும் இதையெல்லாம் கடனிலேயே சேர்த்துவிடுவதால் கையிலிருந்து போவது தெரியாது. அப்புறம் வட்டியோடு வருடத்துக்கு அரை சதவீதம் இன்சூரன்ஸ் சேர்ந்து ஏறிக்கொண்டே இருக்கும். வட்டி 7 சதவீதம் என்றால் மொத்தம் ஏழரை. 2,00,000 டாலர் கடன் பத்து வருடத்தில் 4,22,000 டாலரைத் தொடும், இருபது வருடத்தில் கிட்டத்தட்ட 8,90,000. கிடைக்கும் கடன் வீட்டு மதிப்பில் பாதியைக்கூட எட்டாது என்பது சாதாரணம், அதிலும் பழைய கடன் பாக்கியை முதலில் அடைத்தாக வேண்டும். முதல் வருடம் பொதுவாக அனுமதித்த தொகையில் 60 சதவீதம் வரைதான் எடுக்க முடியும், பழைய கடனை அடைக்கவே அதற்கு மேல் தேவைப்பட்டால் மட்டும் கொஞ்சம் தளர்வு உண்டு. நிலையான வட்டி வேண்டுமென்றால் ஒரே தடவையாக எடுக்க வேண்டும். மாதாமாதமோ கிரெடிட் லைனாகவோ வேண்டுமென்றால் மாறும் வட்டிதான்.

இதுவரை சொன்னவை விதிப்படி உறுதியானவை. உறுதியில்லாதவை வேறு. பத்து வருடம் கழித்து அந்த வீடு என்ன விலை போகும், வட்டி எங்கே நிற்கும், அப்பா அம்மா எத்தனை வருடம் படியேறி இறங்கி அந்த வீட்டில் இருக்க முடியும், இவற்றை யாராலும் சொல்ல முடியாது. வீட்டு விலை வருடம் நான்கு சதவீதம் ஏறும் என்று வைத்து லோன் ஆபீசர் அழகான ஒரு அட்டவணை காட்டியிருந்தால், அது ஏறாமல் அப்படியே இருந்தால் என்ன ஆகும் என்ற கணக்கையும் ஆலோசகரிடம் கேட்டு வாங்குங்கள். நான்கைந்து வருடத்தில் விற்றுவிட்டுச் சின்ன வீட்டுக்கோ ஊருக்கோ போகும் எண்ணம் சிறிதளவு இருந்தாலும், அந்த ஆரம்பச் செலவுக்கு இந்தக் கடன் கட்டுப்படியாகாது என்றுதான் நினைக்கிறேன். மாறாக, பெற்றோர் கடைசி வரை அங்கேயே இருப்பது நிச்சயம், வரி கட்ட வருமானம் இருக்கிறது, பழைய கடனின் தவணைதான் கழுத்தை நெரிக்கிறது என்றால் இது நிஜமாகவே நிம்மதி தரக்கூடிய வழி. இந்தக் கடனே கெட்டது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

வேறு வழிகளையும் அந்த உரையாடலில் பேசுங்கள். நியூஜெர்சியில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, வருமான வரம்புக்குள் இருந்தால், சொத்துவரி ஏற்றத்தைத் திருப்பித் தரும் சீனியர் ஃப்ரீஸ் இருக்கிறது, ஆங்கர் என்ற சொத்துவரி நிவாரணமும் இருக்கிறது. நீங்கள் கூடவே இருப்பதால், பாக்கிக் கடனின் தவணையை நீங்களே வாடகை மாதிரி ஏற்றுக்கொள்ள முடியுமா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி, சங்கடமாக இருந்தாலும். பெற்றோரில் யாருக்காவது எஸ்.எஸ்.ஐ என்ற குறைந்த வருமானத்தாருக்கான மாத உதவியோ, மெடிக்கெய்ட் என்ற மருத்துவ உதவியோ கிடைக்கிறது என்றால் கூடுதல் கவனம் தேவை. எடுக்கும் பணம் வருமானமாகக் கணக்கில் வராது, ஆனால் அடுத்த மாதம் வரை வங்கியில் கிடந்தால் சொத்தாகக் கணக்கிடப்படும். எஸ்.எஸ்.ஐ வரம்பு தனிநபருக்கு 2,000, தம்பதிக்கு 3,000 டாலர்தான். சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியத்துக்கும், முதியோருக்கான மெடிக்கேர் மருத்துவக் காப்பீட்டுக்கும் பாதிப்பில்லை. இந்தப் பணத்தை எடுத்து ஆனுவிட்டியிலோ (பணத்தைக் கட்டி, பிறகு தவணையாக வருமானம் பெறும் திட்டம்) இன்சூரன்ஸ் திட்டத்திலோ போடச் சொல்லி யாராவது கூடவே வந்தால் அதை ஆலோசகரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அதைக் கடனுக்கு நிபந்தனையாக வைப்பது சட்டவிரோதம்.

ஏற்பாட்டுக்கு, 800-569-4287 என்ற ஹட்டின் எண்ணை அழைத்தால் அருகிலுள்ள ஏஜென்சிகளைச் சொல்வார்கள். லோன் ஆபீசர் கொடுத்த பட்டியலிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்றில்லை. கட்டணம் ஏஜென்சிக்கு ஏஜென்சி மாறும், 125 டாலரும் அதற்கு மேலும் இருக்கும், கட்ட வசதியில்லை என்பதற்காகத் திருப்பி அனுப்பக் கூடாது. அம்மாவும் அவசியம் கலந்துகொள்ள வேண்டும், கடன்தாரராக இல்லாவிட்டாலும் ஆலோசனை அவருக்கும் கட்டாயம், சர்டிபிகேட்டில் அவர் கையெழுத்தும் வேண்டும். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ ஆங்கிலத்தில் பேச்சைத் தொடர்வது சிரமம் என்றால், நேரம் குறிக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள், பல ஏஜென்சிகளில் போன்வழி ஏற்பாடு உண்டு. பழைய கடனின் ஸ்டேட்மென்ட், வரி பில், இன்சூரன்ஸ் பில், ஊர்ப் பயண மாதங்கள், அம்மா தனியாக இருந்தால் வரும் வருமானம், இவற்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சர்டிபிகேட் 180 நாள் செல்லும், அதை வாங்கியதற்காகக் கடன் எடுத்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. எடுத்துக் கையெழுத்தான பிறகும் மூன்று வேலை நாட்களுக்குள் எழுத்து மூலம் ரத்து செய்யலாம். அந்தப் பொதி வந்ததும் அதில் உள்ள வருடாந்திர அட்டவணையின் எண்களை இங்கே போடுங்கள், பெயர், முகவரி எதுவும் வேண்டாம். எந்த வரியில் எதைக் கேட்க வேண்டும் என்று சொல்கிறேன்.